சேர்க்கை சரியில்லை என்று சொல்லும்போது

பள்ளித் தலைமையாசிரியர் அறையில் எந்தப் பெற்றோர் வந்து உட்கார்ந்தாலும் தவறாமல் வருகிற வசனம் ஒன்று உண்டு. "என் பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க சார், சேர்க்கை சரியில்ல." கொஞ்ச நேரத்தில் அந்தச் 'சேர்க்கை'யின் அம்மா வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, இந்தப் பையனைக் காட்டி அதையே சொல்வார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டு வீட்டிலும் அவர்கள் நல்ல பிள்ளைகள்தான், தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள், கடைக்குப் போய்வரச் சொன்னால் போய்வருவார்கள், பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்த மாட்டார்கள். வெளியே நாலு பேராகச் சேர்ந்த பிறகுதான் ஆள் மாறிப் போகிறது. அப்படியானால் யாரை யார் கெடுத்தது?

நம்மிடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. கெட்டது அம்மை மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதனால் பிரித்து வைத்தால் சரியாகிவிடும். பெஞ்சை மாற்று, செக்‌ஷனை மாற்று, டியூஷனை மாற்று, எதுவும் நடக்கவில்லையா, நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் கொண்டுபோய்ப் போடு. பிறர் தாக்கத்துக்கு மனிதர்கள், குறிப்பாகப் பதின்ம வயதினர், எப்படி ஆளாகிறார்கள் என்று ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். தாக்கம் இருப்பது உண்மை, அந்த வயதில் அது பலமாக இருப்பதும் உண்மை. ஆனால் நாம் நினைக்கிற வழியில் அது வேலை செய்வதில்லை, அதனால்தான் நாம் செய்கிற வைத்தியம் பாதி நேரம் பலிப்பதில்லை, சில நேரம் நோயையே பெரிதாக்கிவிடுகிறது.

முதல் சிக்கல், யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. சிகரெட் பிடிக்கிற பையனுடைய நண்பர்களும் சிகரெட் பிடிக்கிறார்கள், சரி. அவர்கள் இவனைப் பழக்கினார்களா, அல்லது ஏற்கெனவே அந்தப் பக்கம் ஆர்வம் இருந்ததால் அவர்களைத் தேடிப் போனானா? டெனிஸ் கேண்டல் என்ற சமூகவியலாளர் நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்களை ஒரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்டு, நட்பு உருவாவதற்கு முன்பே இருவரும் எவ்வளவு ஒத்திருந்தார்கள், நட்பான பிறகு எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று பிரித்துப் பார்த்தார். 1978இல் வந்த அந்த ஆய்வின் முடிவு, ஏறக்குறைய பாதிக்குப் பாதி. தன்னைப் போன்றவனைத் தேடிப் பிடிப்பது பாதி, சேர்ந்த பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறுவது மீதி. ஆகவே "சேர்க்கையால் கெட்டான்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் பாதிக் கதையைத்தான் சொல்கிறோம், மீதிப் பாதியில் நம் பையன் தன் காலாலேயே நடந்து போயிருக்கிறான்.

இந்தத் தேர்வுச் சிக்கலை ஒதுக்கிவிட்டுத் தாக்கத்தை மட்டும் பார்க்க வேண்டுமானால், நண்பர்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அறைத்தோழர்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் அமைவார்கள். புரூஸ் சாசர்டோட் என்ற பொருளாதார ஆய்வாளர் அந்தத் தரவை எடுத்து 2001இல் எழுதினார். அறைத்தோழனால் மதிப்பெண்ணில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தது, 'ஃப்ரேட்டர்னிட்டி' எனப்படும், கூடிக் கொண்டாடுகிற மாணவர் குழுக்களில் சேர்வதா வேண்டாமா என்பதில் தாக்கம் தெளிவாகத் தெரிந்தது, எந்தப் பாடத்தை முதன்மைப் பாடமாக எடுப்பது என்பதில் தாக்கமே தெரியவில்லை. அதாவது கூடவே படுத்து எழுந்திருக்கிறவன் நம் மாலை நேரத்தைக் கணிசமாக மாற்றுகிறான், வாழ்க்கைத் தொழிலை அவ்வளவாக மாற்றுவதில்லை. நீ நெருங்கிப் பழகும் ஐந்து பேரின் சராசரிதான் நீ என்று ஒரு வாசகம் வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதற்குப் பின்னால் ஆய்வு என்று எதுவும் கிடையாது, மேடையில் சொல்ல நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்க விமானப்படை அகாடமியில் நடந்தது. கொலராடோவில் இருக்கிறது அது. புதிதாகச் சேர்கிறவர்களைச் சுமார் முப்பது முப்பது பேராகப் பிரித்துக் குழுக்களில் போடுவார்கள், ஒரு வருடம் அந்தக் குழுவோடுதான் சாப்பாடு, படிப்பு, உடற்பயிற்சி எல்லாமே. பழைய தரவுகளைப் பார்த்த ஆய்வாளர்கள், அவர்களில் மேலே சொன்ன சாசர்டோட்டும் ஒருவர், ஒரு நல்ல செய்தியைக் கண்டுபிடித்தார்கள்: குழுவில் நன்றாகப் படிக்கிறவர்கள் அதிகம் இருந்தால் பின்தங்கியவர்களின் மதிப்பெண் ஏறுகிறது. அப்புறம் என்ன, அதையே திட்டமாக்கிவிட்டார்கள். வேண்டுமென்றே பின்தங்கியவர்களையும் முன்னணியில் இருப்பவர்களையும் கலந்து சில குழுக்கள், நடுத்தரமானவர்களை மட்டும் வைத்துச் சில குழுக்கள். நம்மூர் அம்மாக்கள் டீச்சரிடம் "என் பையனை அந்த ஃபர்ஸ்ட் ரேங்க் பையன் பக்கத்துல உட்கார வைங்க மிஸ்" என்று கேட்பதை, கணிதம் போட்டு, ஒரு ராணுவ நிறுவனமே செய்து பார்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2013இல் வெளியான முடிவு அவர்களையே திகைக்க வைத்தது. உதவி யாருக்குக் கிடைக்க வேண்டுமோ அந்தப் பின்தங்கிய மாணவர்கள், சாதாரணமாகக் குலுக்கிப் போட்ட குழுக்களில் இருந்தவர்களைவிட மோசமாகச் செய்தார்கள். நடுத்தரமானவர்கள் தங்களுக்குள் இருந்து கொஞ்சம் முன்னேறினார்கள். ஏன் இப்படி என்று தோண்டிப் பார்த்தபோது, கலந்து வைத்த குழுக்களுக்குள் மாணவர்கள் தாமாகவே இரண்டாகப் பிரிந்துவிட்டது தெரிந்தது. நன்றாகப் படிக்கிறவர்கள் ஒரு பக்கம், பின்தங்கியவர்கள் ஒரு பக்கம், யாரோடு சேர்ந்து படிக்கிறாய் என்று கேட்டால் தன்னைப் போன்றவன் பெயரையே சொன்னார்கள். நடுவில் இரண்டு பக்கமும் பேசக்கூடிய ஆட்கள் முன்பு இருந்தார்கள், புதிய ஏற்பாட்டில் அவர்களைத் தனியாக எடுத்து வேறிடத்தில் போட்டாயிற்று. ஒரே அறையில் வைக்கலாம், நண்பனாக்க முடியாது. பெஞ்சை மாற்றுகிற டீச்சர்களுக்கு இது புதிதல்ல என்று நினைக்கிறேன், முதல் பெஞ்சில் உட்கார வைத்த பையன் பாதி நேரம் கழுத்தைத் திருப்பிக் கடைசி பெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

சரி, தேடிப் போனது போக, சேர்ந்த பிறகு ஒருவரை ஒருவர் மாற்றுகிறார்கள் அல்லவா, அது எப்படி நடக்கிறது? நம் கற்பனையில் இது ஒரு சினிமாக் காட்சி. ஒருத்தன் பாட்டிலை நீட்டுவான், நம் பையன் வேண்டாம் என்பான், "என்னடா மச்சான், பயமா?" என்பான் அவன், நம் பையன் வாங்கிக் குடித்துவிட்டு இருமுவான். இப்படி வெளிப்படையாக வற்புறுத்துவது நடக்காமல் இல்லை. ஆனால் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்களை அவரவர் நண்பனோடு அறையில் உட்கார வைத்து, அரை மணி நேரம் போலப் பேசவிட்டு, வீடியோவில் பதிவு செய்து பார்த்தபோது கண்ணில் பட்டது வேறு. சிரிப்பு. ஒருத்தன் விதியை மீறிய கதை ஒன்றைச் சொல்கிறான், பள்ளியில் யாரையோ ஏய்த்தது, எதையோ திருடியது, இந்த மாதிரி. மற்றவன் சிரிக்கிறான். சிரித்ததும் முதலாமவன் அடுத்த கதையை இன்னும் கொஞ்சம் காரமாகச் சொல்கிறான். சாதாரணக் கதை சொன்னால் சிரிப்பு வருவதில்லை, பேச்சு அங்கேயே வற்றிவிடுகிறது. ஏற்கெனவே வம்பில் மாட்டியிருந்த பையன்களின் இணைகளில் இந்த ஓட்டம் வலுவாக இருந்தது, மற்றவர்களிடம் சாதாரணப் பேச்சுக்கும் சிரிப்பு கிடைத்தது. எந்த இணையில் மீறலுக்குச் சிரிப்பு அதிகமாகக் கிடைத்ததோ, அந்தப் பையன்கள் அடுத்த ஆண்டுகளில் இன்னும் அதிகமாக வம்பில் மாட்டினார்கள்.

இதில் யாரும் யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எது சொன்னால் எடுபடுகிறது என்பதை அந்தப் பையன் கற்றுக்கொள்கிறான், கற்றுக்கொண்டதே அவனுக்குத் தெரியாது. கேட்டால் "எனக்கே தோணிச்சு" என்பான், மனமறிந்து பொய் சொல்லவும் மாட்டான். வள்ளுவர் சிற்றினம் சேராமையில் "மனத்து ளதுபோலக் காட்டி ஒருவற்கு இனத்துள தாகும் அறிவு" என்கிறார். தன் மனத்தில் உள்ளது போலத் தெரியும், இருப்பதோ தன் கூட்டத்தில். அந்த அதிகாரத்தைப் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்தபோது இது ஒரு புத்திமதி என்றுதான் நினைத்திருந்தேன், ஆரிகன் வீடியோக்கள் பற்றிப் படித்த பிறகு நேரில் பார்த்து எழுதியது போலத் தோன்றுகிறது.

சிரிப்புக்கு அடுத்தது பார்வையாளர். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005இல் வெளியிட்ட சோதனையில் ஒரு வீடியோ கேம். கார் ஓடுகிறது, சிக்னல் மஞ்சளாகிறது, எந்த நேரமும் சிவப்பாகலாம், எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறாயோ அவ்வளவு புள்ளி, சுவரில் மோதினால் போச்சு. 13 முதல் 16 வயது வரை ஒரு கூட்டம், 18 முதல் 22 வரை ஒன்று, 24க்கு மேல் ஒன்று. தனியாக ஆடியபோது மூன்று கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. கூட இரண்டு நண்பர்களை உட்கார வைத்ததும் சிறுவர்களின் துணிச்சல் இரட்டிப்பானது, 18 முதல் 22 வரை உள்ளவர்களுக்குப் பாதியளவு கூடியது, பெரியவர்களுக்கு எதுவும் மாறவில்லை. பிறகு 2011இல், ஆடுகிறவனை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, நண்பர்கள் பக்கத்து அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள். அதுவே போதுமாக இருந்தது. பதின்ம வயதினரிடம் மட்டும், பரிசு கிடைக்கும்போது கிளர்ச்சியடைகிற மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. அதே குழு 2014இல் இளம் எலிகளுக்குச் சாராயம் வைத்துப் பார்த்தது, கூட்டாளி எலிகள் கூட இருந்தால் இளம் எலிகள் அதிகம் குடித்தன, வளர்ந்த எலிகளுக்கு வித்தியாசம் இல்லை. எந்த எலியும் இன்னொரு எலியைப் பார்த்து "குடிடா மச்சான்" என்று சொல்லியிருக்காது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதற்கு ஆய்வுக்கூடமே தேவையில்லை, மாநகரப் பேருந்து போதும். ஒவ்வொரு வழித்தடத்திலும் கல்லூரி மாணவர்களுக்குத் தலைவனாக ஒரு 'ரூட்டு தல', அவனைச் சுற்றி ஒரு கூட்டம், கூரையைத் தட்டித் தாளம், படியில் தொங்கல், வருடத்துக்கு ஒருமுறை பேருந்துக்கு மாலை போட்டு 'பஸ் டே'. 2019 ஜூனில் பேருந்தின் கூரையில் ஏறி உட்கார்ந்து வந்த மாணவர்கள், பிரேக் போட்டதும் மொத்தமாக முன்பக்கம் சரிந்து ரோட்டில் விழுந்த வீடியோவை நாடே பார்த்தது. அடுத்த மாதமே அரும்பாக்கத்தில், ஒரே கல்லூரியில் படிக்கும் இரண்டு ரூட்டு மாணவர்களுக்குள் பட்டப்பகலில் பட்டாக்கத்தி வெட்டு. ஒரே வகுப்பறை, ஒரே பாடத்திட்டம், பலருக்கும் ஒரே மாதிரிக் குடும்பப் பின்னணி, வித்தியாசம் எந்த நம்பர் பேருந்தில் வருகிறான் என்பது மட்டும். அந்தக் கூட்டத்திலிருந்து எந்தப் பையனைத் தனியாக எடுத்து விசாரித்தாலும் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அவர்களுடைய அப்பாக்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு அதே வழித்தடத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு, ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போகிறவர்களில் பழைய ரூட்டு பசங்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுடைய குணம் மாறிவிட்டதா? பார்ப்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் வயதும் காரணம்தான், பிறர் தாக்கத்தை எதிர்த்து நிற்கும் திறன் 14இலிருந்து 18 வரை சீராக ஏறுகிறது என்று ஸ்டைன்பெர்க்கும் கேத்ரின் மோனஹனும் 2007இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கல்லூரி மாணவனுக்கு 18 தாண்டிவிட்டது, கூட்டத்தோடு இருக்கும்போது அது போதவில்லை.

இப்போது ஹாஸ்டல் கதைக்கு வருவோம். கண்டிப்பான பள்ளி, செல்போன் இல்லை, விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள், அங்கே போட்டால் சரியாகிவிடுவான். படிப்புக்காக அனுப்புவது வேறு விஷயம், அதைப் பற்றி நான் பேசவில்லை, 'சேர்க்கையிலிருந்து பிரிக்க' அனுப்புவதைச் சொல்கிறேன். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஊரில் எல்லா வீட்டிலும் எந்தப் பையனுக்குச் சேர்க்கை சரியில்லையோ அவனை அங்கே அனுப்புகிறார்கள். அந்த விடுதி அறையில் அப்போது யார் யார் இருப்பார்கள்?

இது வெறும் கிண்டல் இல்லை. பாஸ்டன் அருகே கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939இல் ஒரு பெரிய திட்டம் தொடங்கினார்கள். 506 சிறுவர்கள், ஒரே மாதிரிப் பின்னணி உள்ளவர்களை இரண்டிரண்டு பேராக இணைத்து, நாணயம் சுண்டி, ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு ஒன்றுமில்லை. உதவி என்றால் சாதாரண உதவி இல்லை, சராசரியாக ஐந்தரை ஆண்டு ஆலோசகர் வீடு தேடி வருவார், படிப்பில் துணை, மருத்துவம், கோடைக்கால முகாம். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்பவர் அந்தச் சிறுவர்களை, இப்போது நடுவயதுக்காரர்களை, தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அது தங்களுக்கு நல்லது செய்தது என்றே சொன்னார்கள். ஆவணங்கள் வேறு சொல்லின. திரும்பத் திரும்பக் குற்றம் செய்தவர்கள், குடிநோயாளிகள், மனநோய்க்கு ஆளானவர்கள், சீக்கிரம் இறந்தவர்கள் என்று ஒவ்வொன்றிலும் உதவி பெற்றவர்களின் கணக்கே மோசமாக இருந்தது. பின்னாளில் இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தபோது, கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போன பையன்களிடம்தான் கெடுதல் குவிந்திருப்பது தெரிந்தது. முகாமில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஆரிகன் வீடியோவே போதும்: ஒரே மாதிரிப் பையன்கள், ராத்திரி பெரியவர்கள் இல்லாத நேரம், ஒருத்தன் கதை சொல்கிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நல்ல எண்ணத்தில், நிறையப் பணம் செலவழித்து, அவர்களுக்கு ஒரு பார்வையாளர் கூட்டத்தைத் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இடத்தை மாற்றுவதால் பயனே இல்லை என்று சொல்லவும் முடியாது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அங்கே ஹெராயின் மலிவு, சுத்தமாகவும் கிடைத்தது, ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார்கள். 1971இல் அதிபர் நிக்சனின் அரசு பயந்துபோய், சிறுநீர்ச் சோதனையில் தேறினால்தான் ஊருக்கு விமானம் என்று வைத்தது, திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க லீ ராபின்ஸ் என்பவரை அமர்த்தியது. அடிமையாக இருந்தவர்களில் திரும்பி வந்த முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. அப்போது அமெரிக்காவுக்குள் சிகிச்சை பெற்று வெளியே வந்தவர்களில் பெரும்பாலானோர் மறுபடி விழுந்துகொண்டிருந்த காலம் அது. காரணம் எல்லாமே இடம்தான் என்று இதை வைத்துச் சிலர் எழுதுவார்கள், அந்த அளவுக்குப் போக வேண்டாம், ஊரில் அதே பொருள் விலை அதிகம், ஊசியில் ஏற்ற வேண்டும், ஜெயிலும் உண்டு. ஆனாலும் அந்தச் சிப்பாயைச் சுற்றியிருந்த எல்லாமே ஒரே நாளில் மறைந்துபோனது, திரும்பிப் போக அந்த இடமே இல்லை. ஹாஸ்டல் பையனுக்கு அப்படி இல்லை. ஏப்ரல் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே தெருவுக்கு வருகிறான், அதே திண்ணையில் அதே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அவனோடு இனிமேல் சேராதே" என்று தடுப்பது? நெதர்லாந்தில் 497 பதின்ம வயதினரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2012இல் எழுதினார்கள். பெற்றோர் எவ்வளவுக்கு நட்பைத் தடை செய்தார்களோ, அவ்வளவுக்குப் பிள்ளைகள் அந்த மாதிரி நண்பர்களோடு கூடுதலாகச் சேர்ந்தார்கள், வம்பிலும் கூடுதலாக மாட்டினார்கள். விலக்கப்பட்ட நட்புக்குத் தனி ருசி. நம் ஊரில் தடுப்பதைத் தாண்டி ஒரு படி மேலே போய், அந்தப் பையனின் சாதியையும் தெருவையும் சேர்த்து இழுத்துப் பேசுகிற வீடுகள் நிறைய, 'சேர்க்கை' என்று நாகரிகமாகச் சொல்லிக்கொண்டு மனத்தில் வேறொன்றை வைத்திருப்பவர்கள். பிள்ளைகளுக்கு அது புரியாமல் போவதில்லை. புரிந்த அன்றிலிருந்து அப்பா நண்பர்களைப் பற்றிச் சொல்லும் எதையும், நியாயமானதையும் சேர்த்து, அவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தது ஒரு விஷயத்துக்காக. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோசப் ஆலன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 13 வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் அம்மாக்களையும் உட்கார வைத்து, இருவருக்கும் ஒத்துப்போகாத ஒரு விஷயத்தைப் பேசவிட்டுப் பார்த்தார்கள். பாக்கெட் மணி, மதிப்பெண், வீட்டு விதி என்று ஏதாவது ஒன்று. சில பிள்ளைகள் கத்தாமல், காரணம் சொல்லி, கடைசி வரை தன் கருத்தில் நின்றார்கள். சில பிள்ளைகள் சீக்கிரமே சரி என்று விட்டுவிட்டார்கள், அம்மா சொன்ன காரணம் சரியாக இருந்ததால் அல்ல, பேச்சு முடிந்தால் போதும் என்று. பின்னாளில் நண்பர்களின் குடிப்பழக்கமும் போதைப் பழக்கமும் யாரிடம் எளிதில் ஒட்டியது என்று பார்த்தபோது, அம்மாவிடம் நின்று பேசத் தெரியாத பிள்ளைகளிடம்தான்.

யோசித்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் வீடுகளில் பிள்ளையைப் பற்றிச் சொல்லும் உச்சபட்சப் பாராட்டு எது? "சொன்ன பேச்சு கேட்பான்." "எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான்." பன்னிரண்டு வயது வரை அவனுக்குப் பேச்சைச் சொல்பவர்கள் நாம், அதனால் அந்தக் குணம் நமக்குப் பிடித்திருக்கிறது. அதன் பிறகு பேச்சைச் சொல்பவர்கள் மாறுகிறார்கள், குணம் அப்படியே இருக்கிறது. பெரியவர் குரலை உயர்த்தினால் உடனே பணிந்துபோகப் பழகியவன், சீனியர் குரலை உயர்த்தினாலும் பணிந்துதான் போவான். முகம் கோணாமல் 'முடியாது' சொல்வது ஒரு கை பழக வேண்டிய வேலை, அதை எங்கே பழகுவான்? பள்ளியில் முடியாது, அங்கே வாய் திறந்தால் டைரியில் எழுதுவார்கள். வீடு ஒன்றுதான் இடம், அங்கேயும் "எதுத்துப் பேசாத" என்று அடைத்துவிடுகிறோம். சேர்க்கையால் கெட்ட பிள்ளை என்று நாம் சொல்பவர்களில் ஒரு பகுதி, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை என்று நாம் மெச்சி வளர்த்தவர்கள்தான்.

எல்லோரையும் எதிர்த்துத் தனியாக நிற்க வேண்டும் என்று எந்தப் பிள்ளையிடமும் எதிர்பார்க்கவும் கூடாது, பெரியவர்களாலேயே அது முடிவதில்லை. சாலமன் ஆஷ் 1950களில் செய்த கோடுகள் சோதனையை உளவியல் படித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள்: அறையில் மற்ற அனைவரும் பேசி வைத்துக்கொண்டு தவறான கோட்டைக் காட்டினால், விவரம் தெரியாத ஒருவர், கண்ணுக்கு முன்னால் விடை தெரிந்தும், மூன்றில் ஒரு தடவைக்கு மேல் அவர்களோடு சேர்ந்து தவறான பதிலைச் சொன்னார். பலர் சொல்லாமல் விடுவது அடுத்த பாதியை. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், இணங்கிப்போவது ஒரேயடியாகச் சரிந்துவிட்டது. பையனுக்கு எட்டு நல்ல நண்பர்களைத் தேட வேண்டியதில்லை, "எனக்கும் வேண்டாம்டா, வா போலாம்" என்று சொல்ல ஒருத்தன் இருந்தால் பெரும்பாலும் போதும். அவன் ஃபர்ஸ்ட் ரேங்க் பையனாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதற்கு மேல் உள்ளது தனி வீட்டு வேலை இல்லை. ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானவர்கள். 2016இல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23இலிருந்து 3 சதவீதமானார்கள். எந்தப் பையனையும் எங்கேயும் பிரித்து அனுப்பவில்லை. 18க்குக் கீழே புகையிலை கிடையாது, 20க்குக் கீழே மது கிடையாது, இரண்டுக்கும் விளம்பரம் கிடையாது, 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் வெளியே சுற்றக் கூடாது. கூடவே விளையாட்டு, இசை, நடனம் என்று பயிற்றுநர்களோடு மாலைகளை நிரப்பினார்கள், தலைநகர் ரெய்க்யவிக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதற்கென்று வருடாந்தரத் தொகையை நகராட்சியே கொடுத்தது. ஒரு வகுப்பின் பெற்றோர்கள் கூடிப் பேசி, நம் பிள்ளைகளுக்கு இந்த இந்த விதிகள் என்று சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள், அதனால் "எல்லாரையும் விடறாங்க, என்னை மட்டும் ஏன்" என்ற வாதம் எந்த வீட்டிலும் எடுபடவில்லை. சின்ன நாடு, பணக்கார நாடு, அதெல்லாம் உண்மைதான்.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. டாஸ்மாக் கடை பள்ளியிலிருந்து நகரங்களில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் தள்ளியிருந்தால் போதும் என்பது விதி, பெரிய மனசு. உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் பள்ளி மாணவர்களிடம் பரவுவது பற்றி 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட வேண்டி வந்தது. நாலரை மணிக்குப் பள்ளி விட்டு ஆறு மணி டியூஷன் வரை பையன் எங்கே இருப்பான் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை, மாநகராட்சி மைதானம் பூட்டியிருக்கும் அல்லது யாராவது கார் நிறுத்தியிருப்பார்கள், திறந்திருப்பது பெட்டிக்கடை ஒன்றுதான். பிள்ளையின் கூட்டாளி வீட்டு அம்மாவை, தலைமையாசிரியர் அறையில் அடுத்தடுத்து உட்காரும் வரை, நாம் ஒருமுறையாவது பேசிப் பார்த்திருக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. இத்தனைக்கும் எல்லோரும் ஒரே வகுப்பு வாட்ஸப் குரூப்பில்தான் இருக்கிறோம், அதில் ஹோம்வொர்க் போட்டோவும் பிறந்தநாள் கேக்கும் தவிர வேறெதையும் யாரும் போடுவதில்லை.